பழைய கண்ணாடிகளைச் சேகரித்து ஏழை நாடுகளுக்கு அனுப்பலாமா?

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம் நண்பர்களே. அலுவலகத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து ஆண்டுதோறும் ஏதாவது ஒரு உதவிக்குப் பணமும் உழைப்பும் தருவது வழக்கம். இந்த முறை மூக்குக்கண்ணாடி என்று பேச்சு வந்தது. பவர் மாறினாலோ ஃப்ரேம் அலுத்துப்போனாலோ பழையதை டிராயரில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறோம். தேடினால் எல்லார் வீட்டிலும் இரண்டு மூன்று தேறும். ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஏழை நாடுகளில் கண்ணாடி இல்லாமலே காலம் தள்ளுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். இங்கே சும்மா கிடப்பதை அங்கே அனுப்பினால் என்ன?

பெட்டி வைத்துச் சேகரித்து, துடைத்து, பவர் அளந்து சீட்டு ஒட்டி, ஏதாவது தொண்டு நிறுவனம் வழியாக அனுப்புவது என்று திட்டம். இதில் அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கப்பல் செலவுக்குக் கொஞ்சம் பணமும் ஒதுக்கியிருக்கிறோம்.

---

ஒளிவிலகல்

நான் ஆப்டோமெட்ரிஸ்ட், அதாவது பார்வையைப் பரிசோதித்துக் கண்ணாடி எழுதிக் கொடுப்பவள். உங்கள் எண்ணத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டியிருக்கிறது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நன்கொடையாக வந்த பழைய கண்ணாடிகளை எடுத்து ஆராய்ந்து 2012-இல் ஒரு ஆய்வு வந்தது. அதில் உண்மையில் யாருக்காவது கொடுக்கத் தக்கதாக இருந்தவை 7 சதவீதம்தான். மற்றவை கீறல், உடைந்த காதுக் கம்பி, வளைந்த ஃப்ரேம், யாருக்கும் பொருந்தாத பவர். கழித்தது போக மிஞ்சிய ஒரு கண்ணாடி ஒருவர் கைக்குப் போய்ச்சேர 20 டாலருக்கு மேல் ஆனது என்று கணக்குப் போட்டிருந்தார்கள். புதிதாக ஆயத்தக் கண்ணாடி (ஆளுக்கு அளவெடுக்காமல் முன்கூட்டியே செய்து வைத்தது) வாங்கிக் கொடுத்தாலே அதில் ஏறத்தாழ பாதிதான் ஆகும்.

ஏன் பொருந்தாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்ணாடி உங்கள் இரண்டு கண்ணுக்காகச் செய்தது. வலது கண்ணுக்கு ஒரு பவர், இடது கண்ணுக்கு வேறு. சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லாததைத் திருத்துவது) இருந்தால் அதற்கு ஒரு கோணம், அதுவும் கண்ணுக்குக் கண் மாறும். கண்மணிகளுக்கு இடையிலான தூரம் ஆளுக்கு ஆள் மாறும். இத்தனையும் ஒத்துப்போகிற ஒரு ஆள் அந்தக் கிராமத்தில் இருந்து, அவர் முகாமுக்கும் வந்து, அந்தக் குவியலிலிருந்து அவருக்கான ஜோடியை ஒருவர் தேடி எடுக்கவும் வேண்டும். அந்தத் தேடலுக்கு ஆகிற நேரமும் செலவுதான், அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

---

சும்மா_சொல்றேன்

அப்போ குப்பையில் போடச் சொல்கிறீர்களா மேடம்?

---

ஒளிவிலகல்

குப்பையில் போட வேண்டாம். ஃப்ரேம் நன்றாக இருந்தால் உங்களுக்கே புது லென்ஸ் போட்டுக்கொள்ளலாம். இன்னொரு நாட்டுக்குக் கப்பல் ஏற்ற வேண்டாம் என்பதுதான் நான் சொல்வது. அங்கே போய் இறங்குகிற 93 சதவீதத்தை யார் அப்புறப்படுத்துவது? அந்த ஊர்க்காரர்கள்தான்.

---

ஏரிக்கரையான்

சரி, புரிகிறது. அப்படியானால் அந்தப் பணத்துக்குப் புதிதாகவே வாங்கி அனுப்பலாமா? எந்தப் பவரில் வாங்குவது? ஆளைப் பார்க்காமல் எப்படிச் செய்வது? அதுவும் குருட்டு வேலைதானே?

---

ஒளிவிலகல்

இங்கேதான் எல்லாரும் இரண்டு வேறு பிரச்சினைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதலாவது வெள்ளெழுத்து. நாற்பது வயதை ஒட்டி கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் நெகிழ்ச்சி குறைந்து விறைக்கத் தொடங்கும். தூரத்தில் இருப்பது தெரியும். ஊசியில் நூல் கோர்ப்பது, அரிசியில் கல் பொறுக்குவது, மருந்துச் சீட்டு படிப்பது எல்லாம் தடுமாறும். இது நோய் இல்லை, வாழ்கிற எல்லாருக்கும் வரும். இதற்கு வேண்டியது +1.00 முதல் +3.50 வரைக்குமான எளிய பிளஸ் லென்ஸ். பெரும்பாலோருக்கு இரண்டு கண்ணிலும் ஒரே பவர் போதும். அதாவது முன்கூட்டியே செய்து பெட்டியில் அடுக்கி அனுப்பலாம். போட்டுப் பார்த்து, எழுத்து தெளிவாகத் தெரிகிறதை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

இரண்டாவது தூரம் தெரியாமல் போவது. பெரும்பாலும் கிட்டப்பார்வை, கூடவே சிலிண்டர். இதற்கு முறையாகப் பரிசோதிக்க ஆள் வேண்டும், கண்ணாடியையும் அளவெடுத்துத்தான் செய்ய வேண்டும். குழந்தைகள் என்றால் இன்னும் கவனம்.

எது பெரிய கூட்டம் என்று பாருங்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட பார்வை பற்றிய அறிக்கையில், தடுத்திருக்கக்கூடிய அல்லது இன்னும் கவனிக்கப்படாத பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் குறைந்தது 100 கோடி. அதில் 82.6 கோடிப் பேருக்குக் கண்ணாடி கிடைக்காத வெள்ளெழுத்து. தூரப் பார்வை கணிசமாகக் கெட்டும் கண்ணாடி இல்லாதவர்கள் 12.37 கோடி. கண்புரை 6.52 கோடி. ஆக முக்கால்வாசிக்கும் மேலே சாதாரண படிக்கிற கண்ணாடி விஷயம்! மொத்தமாக வாங்கினால் ஒரு ஜோடி ஒரு டாலருக்கும் குறைவாகக் கிடைக்கிற பொருள்.

உங்கள் பணம் எவ்வளவு என்று தெரியாது. குறைவு என்றால் வெள்ளெழுத்தோடு நில்லுங்கள் என்பது என் கருத்து.

---

கணக்குப்பிள்ளை

மேடம் சொல்வதற்கு வலுச் சேர்க்க இரண்டு ஆய்வுகளைச் சொல்கிறேன். "கண்ணாடி கொடுத்தால் நல்லதுதானே" என்று உணர்ச்சியோடு நிறுத்தாமல், சீட்டுக் குலுக்கல் முறையில் ஆட்களைப் பிரித்து அளந்தவை.

ஒன்று அசாமில் தேயிலை பறிப்பவர்களிடம் செய்தது, 2018-இல் வெளியானது. 40 வயதைக் கடந்த 751 தொழிலாளர்கள். பாதிப் பேருக்கு ஆய்வின் தொடக்கத்திலேயே படிக்கிற கண்ணாடி, மீதிப் பேருக்கு ஆய்வு முடிந்த பிறகு. ஒரு நாளைக்கு எத்தனை கிலோ இலை பறித்தார்கள் என்பதுதான் அளவுகோல். தோட்டத்தில் எப்படியும் எடை போடுகிறார்கள், அதனால் யாரும் கதை விட முடியாது. கண்ணாடி போட்ட குழு மற்றக் குழுவைவிட 21.7 சதவீதம் கூடுதல் முன்னேற்றம் காட்டியது. 50 வயதுக்கு மேற்பட்டவர்களில் அது 30 சதவீதத்தையும் தாண்டியது. இதில் கவனிக்க வேண்டியது, கண்ணாடி போடாத குழுவும் அந்த மாதங்களில் கூடுதலாகவே பறித்தது. இலை நன்றாகத் துளிர்க்கிற பருவம் வந்தால் எல்லார் எடையும் ஏறும். ஒப்பிட ஒரு குழு இல்லாமல் "முன்பு, பின்பு" என்று மட்டும் படம் காட்டியிருந்தால் அந்த ஏற்றத்தையும் கண்ணாடியின் கணக்கில் எழுதியிருப்பார்கள்.

இன்னொன்று வங்கதேசத்தில், 2024-இல் வெளியானது. 35 முதல் 65 வயது வரையிலான கிராமத்து மக்கள், கிட்டத்தில் பார்த்துச் செய்கிற வேலைக்காரர்கள். எட்டு மாதம் கழித்துப் பார்த்தால், கண்ணாடி பெற்றவர்களின் மாத வருமானம் இடைநிலை அளவில் 35.3 டாலரிலிருந்து 47.1 டாலராக ஏறியிருந்தது. மற்றக் குழு இருந்த இடத்திலேயே இருந்தது. மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வருமானம், ஒரு படிக்கிற கண்ணாடியால்!

வறுமை ஒழிப்புத் திட்டங்களை நிறையப் படித்தவன் நான். செலவுக்கும் பலனுக்கும் இப்படி ஒரு விகிதம் அபூர்வம்.

---

சும்மா_சொல்றேன்

ஒரு டாலர் பொருள் மாதம் 12 டாலர் சம்பாதித்துக் கொடுக்குமாம். அப்படியானால் அவர்களே வாங்கிப் போட்டிருக்க மாட்டார்களா? ஏழை என்றால் கணக்குத் தெரியாதவன் என்று அர்த்தமா? எனக்கு இந்தக் கதையில் ஏதோ இடிக்கிறது.

---

மலையருவி

இடிக்க வேண்டிய இடத்தில்தான் இடிக்கிறது. நான் கிராமப்புறப் பொதுச் சுகாதாரத்தில் இருந்தவன், கண் மருத்துவம் என் துறை இல்லை. ஆனால் இந்தக் கேள்வியோடு நிறைய மல்லுக்கட்டியிருக்கிறேன்.

முதலில், வெள்ளெழுத்து மெல்ல மெல்ல வருகிறது. "இன்று முதல் எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு நாளைக் காட்ட முடியாது. வயதாகிவிட்டது, அவ்வளவுதான் என்று ஆள் அதற்குள் ஒடுங்கிக்கொள்கிறார். தையல்காரர் நுண்ணிய வேலையை விட்டுவிட்டுப் பெரிய தையல் மட்டும் எடுப்பார். நெசவாளி மகனிடம் தறியைக் கொடுத்துவிடுவார். யாரும் இதைக் கண் பிரச்சினை என்று பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. சுற்றிலும் இருக்கிற ஐம்பது வயதுக்காரர்கள் யாருமே கண்ணாடி போடவில்லை என்றால், கண்ணாடி போட்டால் சரியாகும் என்பதே தெரிய வழியில்லை.

இரண்டாவது, ஒரு டாலர் என்பது தொழிற்சாலை வாசலில் இருக்கிற விலை. கண்ணாடிக் கடை இருப்பது தலைநகரத்தில். அங்கே போக பஸ் கட்டணம், ஒரு நாள் கூலி, பரிசோதனைக் கட்டணம், அப்புறம் கண்ணாடி. கடைக்காரர் ஒரு நாளைக்கு நாலு பேருக்கு விற்கிறார், அதனால் அந்த நாலு பேரிடமே வாடகையும் சம்பளமும் எடுக்க வேண்டியிருக்கிறது. விலை ஏறுகிறது, அதனால் வாங்குகிறவர் குறைகிறார், அதனால் விலை இன்னும் ஏறுகிறது.

மூன்றாவது சட்டம். பல நாடுகளில் கண்ணாடியைப் பரிந்துரைக்கத் தகுதி பெற்றவர் மட்டுமே கொடுக்கலாம், அந்தத் தகுதி பெற்றவர்களோ விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில். சில இடங்களில் இறக்குமதி வரியும் உண்டு, ஏதோ ஆடம்பரப் பொருள் மாதிரி.

ருவாண்டா இதை உடைத்துக் காட்டிய நாடு. சுகாதார அமைச்சகமும் விஷன் ஃபார் எ நேஷன் என்கிற அமைப்பும் 2012 வாக்கில் தொடங்கின. உள்ளூர் சுகாதார நிலையங்களில் ஏற்கெனவே வேலை பார்த்த செவிலியர்களுக்கு மூன்று நாள் பயிற்சி. பார்வை அளப்பது, படிக்கிற கண்ணாடி கொடுப்பது, எளிய கண் தொற்றுக்குச் சொட்டு மருந்து தருவது, மற்றதை மேல் மருத்துவமனைக்கு அனுப்புவது. செவிலியர் கண்ணாடி கொடுக்கலாம் என்று விதியையும் மாற்றினார்கள். 2,500-க்கு மேற்பட்ட செவிலியர்கள் பயிற்சி பெற்றார்கள். கண்ணாடிக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர், மிகவும் ஏழைகளுக்கு இலவசம். பெரிய தொழில்நுட்பம் எதுவும் இல்லை. ஊருக்கு ஊர் இருக்கிற ஆளிடம் வேலையைக் கொடுத்தார்கள்.

வங்கதேசத்தில் பிராக் என்கிற பெரிய தொண்டு நிறுவனம் வேறு வழியில் போனது. வீடு வீடாகப் போய்ச் சோப்பும் அயோடின் உப்பும் மருந்தும் விற்கிற பெண் சுகாதாரப் பணியாளர்கள் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தார்கள். அவர்கள் பையில் படிக்கிற கண்ணாடியையும் வைத்தார்கள், 2006 முதல், விஷன்ஸ்பிரிங் அமைப்போடு சேர்ந்து. கதவைத் தட்டுவது தெரிந்த முகம். அதுதான் பாதி வேலை.

---

சும்மா_சொல்றேன்

சரி, இது பதில். ஏற்றுக்கொள்கிறேன், தற்காலிகமாக.

---

பட்டறைக்காரன்

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். மெக்கானிக்கல் ஆள் என்பதால் வேறு பக்கத்திலிருந்து வருகிறேன். பரிசோதிக்க ஆள் இல்லை என்பதுதானே சிக்கல்? ஆளே வேண்டாத கண்ணாடி இருக்கிறதே, அதைப் பற்றி யாரும் பேசவில்லையே!

ஆக்ஸ்ஃபோர்ட் இயற்பியல் பேராசிரியர் ஜோஷுவா சில்வர் செய்தது. லென்ஸ் என்பது மெல்லிய சவ்வுகளுக்கு நடுவே சிலிக்கோன் எண்ணெய். காதுப் பக்கத்தில் ஒரு சின்ன சிரிஞ்ச். எண்ணெயை உள்ளே தள்ளினால் சவ்வு வெளிப்பக்கம் புடைத்துப் பிளஸ் பவர், இழுத்தால் குழிந்து மைனஸ் பவர். போடுகிறவரே திருகித் திருகித் தெளிவாகத் தெரிகிற இடத்தில் நிறுத்தி, குழாயை மூடி, சிரிஞ்சைக் கழற்றிவிடலாம். இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாக.

இன்னொரு வழி இன்னும் அழகு. லூயிஸ் ஆல்வரெஸ், 1968-இல் இயற்பியல் நோபல் வாங்கினாரே, அவருடைய காப்புரிமை. விசித்திரமான வளைவு கொண்ட இரண்டு தகடுகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தினால் பவர் மாறும். எண்ணெயும் வேண்டாம், சவ்வும் வேண்டாம். ஒரு சின்னச் சக்கரத்தைத் திருப்பினால் போதும். இதை வைத்தும் கண்ணாடி செய்திருக்கிறார்கள்.

இதைக் கோடிக்கணக்கில் அச்சடித்து அனுப்பினால் பிரச்சினை தீர்ந்ததே?

---

ஒளிவிலகல்

பட்டறை சார், இதை முதன்முதலில் படித்தபோது எனக்கும் உடம்பெல்லாம் புல்லரித்தது. சீனாவில் 12 முதல் 18 வயது மாணவர்களிடம் சோதித்தார்கள். தாங்களே திருகிச் சரிசெய்துகொண்டவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு நல்ல பார்வை கிடைத்தது. ஆக, வேலை செய்யாத சரக்கு என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் 2020-க்குள் நூறு கோடிப் பேர் என்று சில்வர் குறி வைத்தார், விநியோகமானது ஆயிரங்களில்தான். விலை ஒரு காரணம். அந்தக் காலத்தில் ஒரு ஜோடி சுமார் 19 டாலர். சிலிண்டர் பவரைத் திருத்தாது. சவ்வைச் சமமாக இழுத்துப் பிடிக்க லென்ஸ் வட்டமாகத்தான் இருக்க வேண்டும், அதனால் முகத்தில் பார்க்க ஆய்வுக்கூடப் பொருள் மாதிரி இருக்கும். ஏழை என்பதற்காக யாரும் விகாரமாகத் தெரிய ஒப்புக்கொள்ள மாட்டார்கள். கண்ணாடி முகத்தில் போடுகிற பொருள், முழங்காலில் கட்டுகிற பட்டி இல்லை.

அப்புறம் இளம் வயதுக் கண் தானாகவே ஃபோகஸ் செய்யும். திருகிக்கொண்டே போனால் தேவைக்கு மேல் மைனஸ் வைத்துக்கொண்டு, தெளிவாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். அதைத் தவிர்க்க முறையாகச் சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லிக் கொடுக்க யார் வேண்டும்? ஆள்! சுற்றி வந்து அதே இடத்தில் நிற்கிறோம்.

---

பட்டறைக்காரன்

ஹ்ம். வட்டமான லென்ஸ் விவகாரம் நியாயம்தான். ஆனால் ஆல்வரெஸ் முறைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை, அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, இன்னொரு இயந்திரக் கதை. ஜெர்மனியில் மார்ட்டின் ஆவ்ஃப்முத் என்று ஒரு பள்ளி ஆசிரியர், கணக்கும் இயற்பியலும். வீட்டு அடித்தளத்தில் உட்கார்ந்து ஒரு வளைக்கும் கருவி செய்தார். சின்னப் பெட்டிக்குள் அடங்கும், மின்சாரமே வேண்டாம். ஸ்பிரிங் ஸ்டீல் கம்பியை அதில் வளைத்து வளைத்து ஃப்ரேம் ஆக்குவது. லென்ஸ் பாலிகார்பனேட், தயாராக வெட்டி வரும், கையால் அழுத்தினால் ஃப்ரேமில் டக்கென்று உட்காரும். மூலப்பொருள் செலவு ஏறத்தாழ ஒரு டாலர். 2012-இல் இதற்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள், பெயரே 'ஒரு டாலர் கண்ணாடி'. புர்கினா ஃபாசோ, மலாவி, பொலிவியா என்று உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே செய்ய வைக்கிறார்கள். விற்பனை விலையை அந்த ஊரில் இரண்டு மூன்று நாள் கூலி அளவுக்கு வைக்கிறார்கள், அந்தப் பணத்திலிருந்து செய்கிறவர்களுக்கும் விற்கிறவர்களுக்கும் சம்பளம்.

எனக்கு இதில் பிடித்தது, உடைந்தால் அங்கேயே சரிசெய்யலாம். வெளிநாட்டிலிருந்து வந்த சரக்கு உடைந்தால் உடைந்ததுதான்.

---

கணக்குப்பிள்ளை

பட்டறை, அழகுதான். ஆனால் தொழிற்சாலையில் அச்சில் வார்த்த பிளாஸ்டிக் ஃப்ரேமும் ஒரு டாலருக்குக் கீழே வருகிறது. கையால் வளைப்பதன் லாபம் விலையில் இல்லை. பழுது பார்ப்பதும் உள்ளூர் வேலைவாய்ப்பும்தான் லாபம். அதை அப்படியே சொல்லி ஆதரித்தால் எனக்கு மறுப்பு இல்லை.

ஒரு எண்ணை மட்டும் வைத்துவிடுகிறேன். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. உலகில் கண்ணாடி தேவைப்பட்டும் இல்லாதவர்களுக்கெல்லாம் சேவை கொடுக்க, கூடுதலாக 47,000 முழுநேரப் பவர் பரிசோதகர்களும் கண்ணாடி பொருத்திக் கொடுக்கிற 18,000 பேரும் வேண்டும் என்று. பயிற்சி, கட்டடம், கருவி, ஐந்தாண்டுச் செலவு எல்லாம் சேர்த்து 2,000 முதல் 2,800 கோடி டாலர். கண்ணாடி இல்லாததால் ஆண்டுதோறும் இழக்கிற உற்பத்தியோ இதைப்போலப் பல மடங்கு என்று அவர்களே ஒப்பிட்டிருந்தார்கள். கவனியுங்கள், அந்தக் கணக்கு தொடங்குவதே ஆட்களின் எண்ணிக்கையிலிருந்துதான். லென்ஸை இன்னும் மலிவாக்கிப் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

---

சிலேட்டுப்பலகை

பள்ளி ஆசிரியை நான். எல்லாரும் பெரியவர்களைப் பற்றியே பேசுகிறீர்கள். கரும்பலகை தெரியாத பிள்ளை மக்கு என்று பெயர் வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சுக்குப் போகிறது. அதற்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி உதவாது. பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்ததா?

---

மலையருவி

முடியாது டீச்சர், அங்கேதான் தொடங்குகிறது.

மெக்சிகோவில் ஓஹாகா மாநிலத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கண்ணாடி கொடுத்தார்கள். பிறகு சொல்லாமல் கொள்ளாமல் போய்ப் பார்த்தபோது முகத்தில் கண்ணாடி இருந்தவர்கள் 13.4 சதவீதம். இன்னும் கொஞ்சம் பேரிடம் பையில் இருந்தது. கேட்டால், கூடப் படிக்கிறவர்கள் கேலி செய்கிறார்கள், பார்க்க நன்றாக இல்லை என்கிற பதில்தான் முன்னே நின்றது.

சீனாவில் கான்சு மாகாணத்தில் இலவசக் கண்ணாடி தருகிறோம் என்று சொல்லியும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குக் குடும்பம் வேண்டாம் என்றது. சின்ன வயதில் கண்ணாடி போட்டால் கண் மேலும் கெட்டுப்போகும் என்கிற நம்பிக்கை அங்கே ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆசிரியர்களும் அதை நம்பினார்கள். கொடுத்துப் போட்டவர்களுக்குப் பலன் இல்லையா என்றால், உண்டு. 2014-இல் வந்த பெரிய சீன ஆய்வில் இலவசக் கண்ணாடி பெற்ற பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் அளவிடத்தக்க அளவில் கூடியது, அவர்களில் பாதிப் பேர்கூட ஒழுங்காகப் போடாத நிலையிலேயே.

---

சிலேட்டுப்பலகை

ஆசிரியர்களே நம்பினார்கள் என்பதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ஆச்சரியம் இல்லை. அப்போது பிள்ளைக்குப் பிடித்த ஃப்ரேமை அதுவே தேர்ந்தெடுக்கட்டும் என்று விட்டால்?

---

ஒளிவிலகல்

அது மிகவும் முக்கியம் டீச்சர். பெங்களூருவில் ஒரு ஆய்வு, 2017-இல் வெளியானது. பிள்ளைகளில் ஒரு பாதிக்கு அளவெடுத்துச் செய்த கண்ணாடி, இன்னொரு பாதிக்கு ஆயத்தக் கண்ணாடி. இரண்டு கண்ணுக்கும் பவர் ஏறத்தாழ ஒன்று, சிலிண்டர் அதிகம் இல்லை என்கிற பிள்ளைகளை மட்டும் இதில் சேர்த்தார்கள். பரிசோதித்ததில் பெரும்பான்மையானவர்கள் இந்த வகைக்குள் வந்தார்கள் என்பதே எனக்குப் புதிய செய்தியாக இருந்தது. ஃப்ரேமைப் பிள்ளைகளே தேர்ந்தெடுத்தார்கள். சில மாதம் கழித்துப் பார்த்தால் இரண்டு குழுவிலும் நாலில் மூன்று பேர் போட்டிருந்தார்கள். ஆயத்தக் கண்ணாடி என்பதால் ஒதுக்கவில்லை.

இதன் பொருள், பரிசோதித்த அன்றே, அதே வகுப்பறையில், பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்துவிடலாம். "அடுத்த மாதம் வரும்" என்று சொல்லிவிட்டுப் போகிற திட்டங்களில் பாதி அங்கேயே கசிந்துவிடும்.

---

கணக்குப்பிள்ளை

இலவசம் என்றால் மதிக்க மாட்டார்கள், அதனால் சின்னத் தொகையாவது வாங்க வேண்டும் என்று இந்தத் துறையில் அடிக்கடி சொல்வார்கள். அதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். தான்சானியாவில் உயர்நிலை மாணவர்களிடம் ஒப்பிட்டார்கள். இலவசமாகக் கண்ணாடி பெற்றவர்களில் மூன்று மாதம் கழித்தும் பயன்படுத்தியவர்கள் 47 சதவீதம். சீட்டு மட்டும் எழுதிக் கொடுத்து வாங்கிக்கொள்ளச் சொன்னவர்களில் 26. கண்ணாடியில் இல்லை என்றாலும், கொசுவலை விஷயத்தில் இதைத் துல்லியமாகவே பார்த்திருக்கிறார்கள். கென்யாவில் விலையைச் சுழியிலிருந்து 60 சென்ட் ஆக்கியதும் வாங்குகிறவர் விகிதம் 60 புள்ளி சரிந்தது. காசு கொடுத்து வாங்கியவர் கூடுதலாகப் பயன்படுத்தவும் இல்லை.

ஆகவே இலவசம்.

---

மலையருவி

இல்லை, இதில் நான் உங்களோடு முரண்படுகிறேன். கொசுவலை ஒரு முறை கொடுத்தால் சில ஆண்டு நிற்கும், எல்லாருக்கும் ஒரே அளவு. கண்ணாடி உடையும், தொலையும், பவர் மாறும். வெள்ளெழுத்து ஐம்பது வயதில் ஒரு பவர், அறுபதில் இன்னொன்று. முகாம் போட்டு இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போகிறவர் திரும்பி வருவதில்லை. அதற்குள் அந்த ஊரில் இருந்த ஒரே கண்ணாடி விற்கிற ஆள் கடையை மூடிவிட்டுப் போயிருப்பார். பிறகு உடைந்தால் யாரிடம் போவது?

பள்ளிப் பிள்ளைக்கு இலவசம், அதில் சந்தேகமே இல்லை. சம்பாதிக்கிற பெரியவருக்குக் கட்டுப்படியாகிற விலையில், எப்போதும், பக்கத்தில் கிடைக்க வேண்டும். "எப்போதும்" என்பதுதான் எனக்கு முக்கியம்.

---

கணக்குப்பிள்ளை

வங்கதேச ஆய்வில் இலவசமாகத்தான் கொடுத்தார்கள், வருமானம் கூடியது. முதல் கண்ணாடி இலவசம், அதன் அருமை தெரிந்த பிறகு இரண்டாவது விலைக்கு என்று வைத்துக்கொள்ளலாமே? முதல் ஜோடிதான் விளம்பரம்.

---

மலையருவி

அதை யோசிக்கலாம். இரண்டாவது ஜோடியை விற்கிற ஆள் அங்கே இருந்தால்.

---

ஒளிவிலகல்

நடுவே ஒரு எச்சரிக்கை. போன பக்கத்தில் நானே படிக்கிற கண்ணாடியை ஏதோ கடலைமிட்டாய் மாதிரி எளிதாகச் சொல்லிவிட்டுப் போனேன், யாராவது அதை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பிவிடக் கூடாது.

கண்ணாடி தேடி வருகிறவர்தான் பல நேரம் முதன்முறையாகக் கண்ணைக் காட்டுகிறவர். அவருக்குக் கண்புரை இருக்கலாம், கண் அழுத்த நோய் இருக்கலாம், சர்க்கரையால் விழித்திரை கெட்டிருக்கலாம். கண்ணாடி கொடுப்பவர் இரண்டு மூன்று விஷயமாவது பார்க்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு கண்ணாகத் தனியே தூர அட்டையைப் படிக்கச் சொல்வது. குறைவாகத் தெரிந்தால், ஒரு அட்டையில் குண்டூசித் துளை போட்டு அதன் வழியே பார்க்கச் சொல்வது. துளை வழியாகத் தெளிவானால் பெரும்பாலும் பவர் பிரச்சினை, கண்ணாடி போட்டால் சரியாகும். தெளியவில்லை என்றால் கண்ணாடிப் பெட்டியை மூடிவிட்டு மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். கண் சிவந்திருந்தாலும், வலி இருந்தாலும், பார்வை திடீரென்று போயிருந்தாலும் அப்படியே.

அனுப்புவது என்றால் சீட்டு எழுதிக் கொடுப்பது மட்டும் இல்லை. கென்யாவில் பீக் என்கிற கைபேசிச் செயலியை வைத்துப் பள்ளிகளில் ஆசிரியர்களே பரிசோதித்தார்கள். பிள்ளைக்கு எப்படி மங்கலாகத் தெரிகிறது என்று பெற்றோருக்குப் படமாகக் காட்டினார்கள், பிறகு குறுஞ்செய்தியில் நினைவூட்டினார்கள். மருத்துவமனைக்குப் போனவர்கள் 54 சதவீதம். பழைய முறையில் அனுப்பிய பள்ளிகளில் 22. ஆசிரியர் அளப்பது இரண்டு இடத்திலும் உண்டு. அந்தப் படமும் நினைவூட்டலும் சும்மா இல்லை.

---

சிலேட்டுப்பலகை

மங்கலான படத்தைப் பெற்றோருக்குக் காட்டுவது! இதற்குச் செயலியே வேண்டாம் போலிருக்கிறதே. நாங்களே அச்சடித்து வைத்துக்கொள்ளலாம்.

---

பட்டறைக்காரன்

அரசுகள் என்னதான் செய்கின்றன? ஐ.நா.வில் ஏதோ தீர்மானம் போட்டார்களே.

---

கணக்குப்பிள்ளை

போட்டார்கள், 2021 ஜூலையில், எல்லாருக்கும் பார்வை என்று. அதே ஆண்டு உலக சுகாதார சபை, சரியான கண்ணாடி கிடைத்தவர்களின் விகிதத்தை 2030-க்குள் 40 புள்ளி உயர்த்துவோம் என்று இலக்கு வைத்தது. 2024-இல் ஸ்பெக்ஸ் 2030 என்று தனித் திட்டமும் தொடங்கினார்கள். இலக்கு வைத்த காலத்தில் அவர்கள் சொன்ன நிலவரம், தூரப் பார்வைக்குச் சரியான கண்ணாடி பெற்றவர்கள் உலக அளவில் 36 சதவீதம். ஏழை நாடுகளில் அதைவிடக் கீழே. பத்தாண்டில் இரண்டு மடங்காக்க வேண்டும். தீர்மானத்தைவிட, அந்த வேலையைச் செவிலியரிடமும் ஆசிரியரிடமும் கொடுக்க எத்தனை நாடு விதியைத் தளர்த்துகிறது என்று பார்த்தால் நிலவரம் தெரியும்.

---

சும்மா_சொல்றேன்

தளர்த்த விடுவார்களா? கண்ணாடி எழுதிக் கொடுப்பது எங்கள் உரிமை என்று சங்கம் கொடி பிடிக்காதா? ஒளிவிலகல் மேடம் என்ன சொல்கிறீர்கள், உங்கள் சாதிதானே?

---

ஒளிவிலகல்

பிடிக்கும். பிடித்திருக்கிறார்கள். குழந்தைகள் விஷயத்திலும் சிலிண்டர் விஷயத்திலும் அவர்கள் கவலை சரியானது, நானும் அந்தப் பக்கம்தான் நிற்பேன். நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு +1.50 கொடுக்க ஆறு வருடப் படிப்பு வேண்டும் என்றால் மட்டும் என்னால் முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியாது. தவறான படிக்கிற கண்ணாடி பெரியவர் கண்ணைக் கெடுக்காது. தலை வலிக்கும், கழற்றி வைத்துவிடுவார்.

---

ஏரிக்கரையான்

எல்லாருக்கும் நன்றி. அலுவலகத்தில் இழையை முழுவதும் காட்டினேன். பெட்டி வைத்துச் சேகரிக்கிற திட்டத்தைக் கைவிட்டோம். இரண்டு யோசனை மேசையில் இருக்கிறது. ஒன்று, ஏற்கெனவே களத்தில் இருக்கிற அமைப்புக்குப் பணமாகக் கொடுத்துவிடுவது. இன்னொன்று, எங்கள் நிறுவனத்துக்குச் சரக்கு தருகிற கிழக்கு ஆப்பிரிக்கத் தையல் ஆலை ஒன்று இருக்கிறது. அங்கே நாற்பதைத் தாண்டிய தொழிலாளர்கள் நிறைய. ஆலைக்குள்ளேயே பரிசோதித்துப் படிக்கிற கண்ணாடி கொடுக்க அவர்களின் செவிலியரைப் பயிற்றுவிக்கலாமா என்று கேட்டிருக்கிறோம். ஆலைத் தரப்பு ஆர்வமாக இருக்கிறது, உற்பத்தி கூடும் என்கிற கணக்கில்தான். ஐநூறு ஜோடியில் தொடங்கலாம் என்கிறார்கள். பவர் எந்த விகிதத்தில் வாங்குவது?

---

மலையருவி

நல்ல இடம். ஆள் ஓரிடத்தில் இருக்கிறார், செவிலியர் இருக்கிறார், உடைந்தால் கேட்க ஒரு கதவு இருக்கிறது. ஒன்றை மட்டும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பரிசோதனையில் பார்வை குறைவு என்று தெரிந்தவரை வேலையைவிட்டு நிறுத்தக் கூடாது, பார்வை முடிவு மேற்பார்வையாளர் கைக்குப் போகக் கூடாது. அந்தப் பயம் இருந்தால் யாரும் வர மாட்டார்கள்.

---

ஒளிவிலகல்

பவர் விகிதம்: +1.50, +2.00, +2.50 மூன்றும்தான் அதிகம் போகும். ஐநூறில் முந்நூற்றைம்பது இவற்றிலேயே வைத்து, +2.00-ஐக் கொஞ்சம் தூக்கலாக வாங்குங்கள். +1.00-இலும் +3.00-இலும் அறுபது அறுபது, மீதி +3.50. தையல் ஆலை என்பதால் ஒரு விஷயம், ஊசிக்கும் கண்ணுக்கும் உள்ள தூரம் புத்தகத் தூரத்திலிருந்து மாறும். அட்டையைக் கையில் பிடிக்கச் சொல்லாமல், மெஷினில் உட்கார வைத்து, துணி இருக்கிற இடத்தில் அட்டையை வைத்துப் பவர் பாருங்கள்.

ஃப்ரேம் ஐந்தாறு மாதிரியாவது இருக்கட்டும், ஆண் பெண் இருவருக்கும். உறை கட்டாயம். தூசியில் சட்டைப் பையில் போட்டால் சில மாதங்களில் கீறல் விழும். தூர அட்டையில் குறைவாகப் படிப்பவர்களைத் தனிப் பட்டியலில் எழுதச் சொல்லுங்கள், அவர்களுக்கு இந்தப் பெட்டி பதில் இல்லை. அருகில் எந்தக் கண் மருத்துவமனை அவர்களைப் பார்க்கும் என்று சரக்கு கிளம்புவதற்கு முன்பே பேசி முடித்துவிடுங்கள். செவிலியருக்கான பயிற்சிக் குறிப்பு என்னிடம் இருக்கிறது, தனிமடலில் கேளுங்கள்.

---

சிலேட்டுப்பலகை

எனக்கும் அந்தக் குறிப்பு வேண்டும் மேடம். பள்ளியில் தூர அட்டையை எத்தனை மீட்டரில் மாட்டுவது என்பதிலிருந்தே எனக்குச் சந்தேகம்.

---

ஒளிவிலகல்

அட்டையின் மூலையிலேயே தூரம் அச்சிட்டிருக்கும் டீச்சர், 6 மீட்டர் அல்லது 3 மீட்டர். அதை நம்பி, தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டுவிடுங்கள். பிள்ளைகள் முன்னால் நகர்ந்து நகர்ந்து வருவார்கள்.